பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் முதல் பயணம்: பெட்டியில் என்ன வைப்பது?

நாங்கள் தத்தெடுக்கப்போகும் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு முதல் முறை போனபோது ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்று விமானத்தில் அனுமதித்தார்கள். நான்கு பெட்டியையும் நிறைத்தோம். ஃப்ராக், ஷூ, தலைக்கு ரிப்பன், பாட்டுப் பாடும் பொம்மை, சாக்லேட். அவர்கள் வளரும் குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பெட்டிச் சாமான் வேறு. ஐந்து நாள் கழித்து யோசித்துப் பார்த்தால், எங்கள் இரண்டு பிள்ளைகளும் உண்மையில் தொட்டது, கட்டிக்கொண்டது, திரும்பத் திரும்பக் கேட்டது எல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கிவிடும். ரிப்பன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பேன் தொல்லைக்காக மகளுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பத்திருபது பிள்ளைகள் சேர்ந்து வளரும் இடத்தில் அது வழக்கம்தான். எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியாவில் தத்தெடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாமும் தமிழர், பிள்ளையும் தமிழ்நாட்டிலிருந்துதான் வரும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் அமையும் என்பதில்லை. எங்களுக்கு அமைந்தவர்கள் மகாராஷ்டிரத்தில் பிறந்த அக்காவும் தம்பியும். அவளுக்கு நாலு வயது, அவனுக்கு இரண்டு. இருவருக்கும் மராட்டி மட்டும்தான் தெரியும். இந்தியாவில் தத்தெடுப்பு அதிகம் நடக்கும் மாநிலங்களில் மகாராஷ்டிரம் முன்னணியில் இருப்பதால், உங்களுக்கும் அங்கே அமைய வாய்ப்பு உண்டு.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது பார்த்துவிட்டு வரும் பயணம். பிள்ளைகளைப் பற்றிய விவரம் வந்து, 30 நாளுக்குள் சம்மதம் சொல்லி, காராவின் (தத்தெடுப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் மத்திய அமைப்பு) தடையில்லாச் சான்று வந்து, மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பித்து, பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்து, அமெரிக்க விசாவும் கிடைத்த பிறகுதான் அழைத்து வர முடியும். (முன்பு நீதிமன்றம் கொடுத்த ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர்தான் கொடுக்கிறார். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வக்கீல் தேடாதீர்கள்.) இதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் தத்தெடுப்பு ஏஜென்சி மூலம் அனுமதி வாங்கிப் போய்ப் பார்க்கலாம். ஆனால் வெளியே கூட்டிப்போக முடியாது. இல்லத்தில் ஒரு அறை, தரையில் பாய், பக்கத்தில் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். எங்களுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. அப்புறம் நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

அதனால் நான் இப்போது யாருக்கும் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, “நாங்கள் கிளம்பிய மறுநாள் இது அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும்?” என்று கேளுங்கள். பதில் இருந்தால் பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால், பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாளுக்காக அலமாரியில் காத்திருக்கட்டும்.

ஆறு வாரம் முன்னால்: இல்லத்துக்கு ஒரு கடிதம்

சாமான் வாங்குவதற்கு முன்னால் ஏஜென்சியின் சோஷியல் வொர்க்கர் வழியாக இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள். நேரடியாகப் போன் அடிப்பதை விட இதுதான் எல்லோருக்கும் நல்லது. கேட்க வேண்டியவை: எந்த நேரத்தில் வரலாம், எப்போது தூங்குவார்கள், பிள்ளைகளுக்குத் தனியாகப் பொருள் வைத்துக்கொள்ள இடம் உண்டா, படம் எடுக்கலாமா, ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா. அந்த மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல இல்லங்களில் துணியும் பொம்மையும் எல்லோருக்கும் பொது. காலையில் நீங்கள் கொடுத்த சட்டை துவைத்து மடித்தபின் மாலையில் வேறொரு பிள்ளை உடம்பில் இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, தெரிந்துகொண்டு போனால் மனது வலிக்காது.

இன்னொன்றும் கேட்டு வாங்கினோம், அது மிகவும் உதவியது. பிள்ளையின் பாதத்தை ஒரு தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். மகன் பாதம் வரும்போது கோடு கோணலாக ஓடியிருந்தது. நடுவில் காலை இழுத்துக்கொண்டான் போலிருக்கிறது. அந்தத் தாளின் படம் இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது.

இதே சமயத்தில் உங்கள் டாக்டரையும் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, அம்மைத் தடுப்பூசி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்தபின் உடன் இருக்கப்போகும் தாத்தா பாட்டிக்கும் ஹெபடைடிஸ் ஏ ஊசி போடச் சொல்வார்கள். அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

காகிதங்கள்

கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடவே கூடாது. பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை அல்லது விசா, ஹோம் ஸ்டடி அறிக்கையின் (நம் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதியது) நகல், காரா பதிவு எண், பிள்ளைகளைப் பற்றிய அறிக்கையும் மருத்துவ அறிக்கையும், இல்லத்துக்கு வரலாம் என்று அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்பிரதி, திருமணச் சான்று. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். போனில் இருக்கிறதே என்று விடாதீர்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி தாளைத்தான் பார்ப்பார். பாஸ்போர்ட் சைஸ் படம் ஆறாறு இருக்கட்டும். இந்தியப் படிவங்களுக்குப் பெரும்பாலும் 35 மி.மீ.க்கு 45 மி.மீ., அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். இரண்டிலும் எடுத்துவிடுங்கள்.

ஒரு நோட்டுப்புத்தகமும் பேனாவும் இதே பையில். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குத் துணி: இரண்டு செட் போதும்

வயதைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். இல்லத்தில் வளரும் பிள்ளைகள் வயதுக்குச் சிறிய உடம்போடு இருப்பது சாதாரணம். மூன்று மாதம் இல்லத்தில் இருந்தால் ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்று தத்துக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்கள் ஒரு தோராயக் கணக்கே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் பெரும்பாலும் வேகமாக வளர்ந்து ஈடுகட்டிவிடுவார்கள். மருத்துவ அறிக்கையில் உயரமும் எடையும் இருக்கும், அது எப்போது எடுத்தது என்று தேதியைப் பாருங்கள். எங்கள் மகளுக்கு நாலு வயதுச் சட்டை வாங்கிப்போனோம், அது அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இரண்டரை வயது அளவுதான் சரியாக இருந்தது.

ஆளுக்கு இரண்டு பருத்திச் செட் கொண்டுபோனால் போதும். மீதியைப் பிள்ளையைப் பார்த்தபின் அந்த ஊர்க் கடையிலேயே வாங்கலாம். அளவும் சரியாக இருக்கும், அங்கே இருக்கும் பிள்ளைகள் போடும் துணியாகவும் இருக்கும். நான்கு பிள்ளைகள் சாயம் போன ஜட்டியோடு நிற்கும்போது நம் பிள்ளை மட்டும் பளபளவென்று நின்றால், நாம் போனபின் அதற்கான விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளைதான். செருப்புக்கு மட்டும் அந்தப் பாதக் கோட்டை நம்புங்கள். நுனியில் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள்.

டிசம்பர், ஜனவரியில் போனால் புனே பக்கம் காலைக் குளிர் கடுமை, ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும் நிச்சயம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, துவைத்த துணி காயவே காயாது.

இரண்டு சின்னப் போர்வையும் ஒரு ஆல்பமும்

பெட்டியில் இடம் இருப்பது இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறுபடி போகச் சொன்னால் இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

போர்வை என்று சொன்னாலும் எங்களுடையது என் பழைய சுங்குடிப் புடவையை நாலாக வெட்டி, இரண்டிரண்டாக மடித்து ஓரம் தைத்தது. ஆளுக்கு இரண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் நாங்கள் இருவரும் அதைத் தலையணைமேல் விரித்துத் தூங்கினோம். நம் வாசனை அதில் ஏறும். முதல் நாள் ஒன்றைக் கொடுத்தோம், கடைசி நாள் அதை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுத்தோம். அவர்கள் வாசனை நம்மோடு வந்துவிடும், நம் வாசனை அங்கே இருக்கும். அளவு பெரிதாக வேண்டாம், பிள்ளை ஒரு கையால் இழுத்துக்கொண்டு நடக்கும் அளவு போதும். புதுத் துணியில் செய்யாதீர்கள், கஞ்சி மொடமொடப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஓரத்தில் அழியாத மார்க்கரால் பெயரை மராட்டியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பொதுத் துவைப்பில் காணாமல் போய்விடும். எழுத்து தெரியாதா? தேவநாகரியில் ஒரு பெயரை எழுதிக்காட்ட இந்தி தெரிந்த நண்பர் யாராவது இருப்பார்.

அப்புறம் ஆல்பம். பன்னிரண்டு படம் போதும், பக்கத்துக்கு ஒன்று, முகம் பெரிதாகத் தெரிகிற படம். நாங்கள் வைத்த வரிசை இது: அம்மா முகம், அப்பா முகம், இருவரும் சேர்ந்து. பிறகு எங்கள் வீட்டுக் கதவு, வெளியிலிருந்து. பிறகு அவர்கள் தூங்கப்போகும் கட்டில், சாப்பாட்டு மேசை, தாத்தா, பாட்டி, தெருமுனை ஊஞ்சல், விமானம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மராட்டியில் ஒரே வரி. அந்த வரி பிள்ளைகளுக்காக எழுதியது இல்லை, அதை வாசித்துக் காட்டப்போகும் மௌஷிக்காக எழுதியது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை மௌஷி என்றுதான் கூப்பிடுகிறார்கள், சித்தி, பெரியம்மா என்று நாம் சொல்வோமே அதுபோல. நாம் இல்லாத நாட்களில் இந்த ஆல்பத்துக்கு உயிர் கொடுப்பது அவர்தான். பொம்மை நிறைந்த அறை, நீச்சல் குளம் மாதிரிப் படங்கள் வேண்டாம். பிள்ளை தேடப்போவது முகங்களைத்தான்.

லேமினேட் செய்துவிடுங்கள், கடிப்பார்கள். ஆளுக்கொரு பிரதி, அலுவலகத்தில் பத்திரமாக இருக்க மூன்றாவது ஒன்று. கடைசியில் மூன்று பக்கம் காலியாக விடுங்கள். முதல் இரண்டு நாளில் பிள்ளைகளோடு எடுத்த படத்தை அந்த ஊர் ஸ்டூடியோவில் அச்சடித்து அங்கே ஒட்டினோம். மூன்றாம் நாள் காலை மகள் ஆல்பத்தைத் திறந்து, வீடு, கட்டில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய் அந்தப் பக்கத்தில் நின்றாள். படத்தில் தன் மூக்கின் மேல் விரலை வைத்தாள், பிறகு என் மூக்கின் மேல், பிறகு நிமிர்ந்து பார்த்து என் நிஜ மூக்கின் மேல். அன்று முழுவதும் அதுதான் விளையாட்டு.

எத்தனை நாளில் வருவோம் என்று எண்ணிக் கிழிக்கும் காலண்டர் கொண்டுபோகலாமா என்று ஒரு தோழி கேட்டாள். வேண்டாம். நம் கையில் இல்லாத தேதி அது. ஆணை ஒரு மாதம் தள்ளிப்போனால், காலண்டர் தாள் தீர்ந்த அன்று அந்தப் பிள்ளை வாசலில் நிற்கும்.

விளையாட்டுச் சாமான்

முதல் நாள் நம்மிடம் வராமலே கூடப் போகலாம். எங்கள் மகன் முதல் ஒன்றரை மணி நேரம் மௌஷியின் முந்தானையை விட்டு நகரவில்லை. அந்த நேரத்தில் உதவியது சோப்புக் குமிழி. ஊதினால் போதும், பிள்ளையைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். குமிழி தானாக அவனிடம் போகும். அறையில் இருந்த மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து உடைத்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இதன் பெரிய நன்மை. அமெரிக்காவிலிருந்து தூக்கிப் போக வேண்டாம், அங்கே சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கும்.

காற்றடைக்கும் பந்து ஒன்று, தடித்த கிரேயான், வெள்ளைத் தாள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கப்புகள். போதும். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் இடத்தில் மூன்று சென்டிமீட்டருக்குச் சின்னதான எதுவும் கூடாது, பொத்தான் பேட்டரி போட்ட பொம்மையும் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சத்தமும் விளக்கும் போடும் பொம்மைகளையும் தவிருங்கள். எங்கள் பாட்டுப் பொம்மையைக் கேட்டு அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

தின்பண்டம் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. புது உணவு சேராமல் வயிறு கெட்டால், நாம் ஹோட்டலில் இருப்போம், இரவு விழிப்பது மௌஷிதான். அதற்குப் பதிலாக அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் உடன் இருக்க அனுமதி கேளுங்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் கிடைத்தது. வரண் பாத், அதாவது நம் பருப்புச் சாதம்தான், மேலே கொஞ்சம் நெய். மகள் தானே சாப்பிட்டாள், மகனுக்கு ஊட்டினேன். அவனுக்கு என்ன பிடிக்கும், எவ்வளவு கட்டியாக, எவ்வளவு சூடாக என்று அந்த அரை மணி நேரத்தில் தெரிந்ததை எந்த அறிக்கையும் சொல்லியிருக்காது.

இருபது சொல்

எடை இல்லாத சாமான், ஆனால் மறக்கக் கூடாதது. ஒரு அட்டையில் இருபது சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இக்டே யே: இங்கே வா. பாணீ: தண்ணீர். பூக் லாக்லீ கா: பசிக்கிறதா. துக்தய் கா: வலிக்கிறதா. நகோ: வேண்டாம். ஷூ என்றால் ஒன்றுக்கு, ஷீ என்றால் இரண்டுக்கு. இந்த ‘நகோ’வைக் காது பழக்கிக்கொள்ளுங்கள், முதல் நாள் அதிகம் கேட்கப்போவது அதைத்தான். பிள்ளை நகோ என்றால் நிறுத்திவிடுங்கள். நாம் நிறுத்துகிறோம் என்று தெரிந்தபின்தான் பக்கத்தில் வருவார்கள்.

‘ஆயீ’ என்றால் மராட்டியில் அம்மா. மகன் சிணுங்கிக்கொண்டே “ஆயீ, ஆயீ” என்றபோது, நம் தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிக் கேட்டு, என் கணவர் அவசரமாகக் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார். அவன் கூப்பிட்டது மௌஷியை. அவர் வந்து தூக்கியதும் அடங்கினான். அவனுக்கு ஏற்கெனவே ஒருவர் ஆயீ என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் மராட்டியில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் அதற்கு இடம் வேண்டும்.

இன்னொரு வாக்கியம்: “உத்யா யேதே.” நாளைக்கு வருகிறேன். பெண் சொன்னால் யேதே, ஆண் சொன்னால் யேதோ. மறுநாள் உண்மையிலேயே வருவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

மருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நாம் மருந்து கொடுக்கக் கூடாது, அது இல்லத்தின் பொறுப்பு. எதுவானாலும் அவர்களிடமே சொல்லுங்கள். நமக்கு வேண்டியவை: வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் அதன் சீட்டோடு, பாராசிட்டமால், தெர்மாமீட்டர், கொசு விரட்டி, கை கழுவும் ஜெல். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இந்தியாவில் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட், 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் என்று இரண்டு அளவு உண்டு. எந்தப் பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக் கரையுங்கள். உலக சுகாதார அமைப்பின் விகிதம் என்று போட்டிருப்பதையே கேட்டு வாங்குங்கள், இனிப்பு பானம் எதையாவது அதுதான் என்று எடுத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் சேர்ந்து வாழும் இடத்தில் சொறியும் பேனும் தொற்றும். பேனுக்கு ஒரு சீப்பு போதும், பயப்பட ஒன்றும் இல்லை. பிள்ளையைத் தூக்கத் தயங்காதீர்கள்.

இல்லத்துக்கு என்ன கொண்டுபோவது?

இதில் நாங்கள் தவறினோம். ஒரு பெட்டி நிறையச் சாமானோடு போய் இறங்கினோம். நிர்வாகி அம்மா மரியாதையாக, ஆனால் தெளிவாக, “இப்போது வேண்டாம், ஆணை வந்தபின் பார்க்கலாம்” என்றார். முகம் சுருங்கியது எனக்கு. பிறகுதான் புரிந்தது. 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் அமெரிக்காவும் இருக்கின்றன. வெளிநாட்டுத் தத்தெடுப்பால் யாரும் முறையற்ற ஆதாயம் அடையக் கூடாது என்பது அதன் 32-ஆம் பிரிவு. விதித்த கட்டணத்துக்கு மேல் பணமோ பொருளோ நடுவில் கைமாறினால், நல்ல மனதோடு கொடுத்தாலும், நாளை யாராவது அதை வேறு மாதிரி வாசிக்கலாம். கேள்வி வந்தால் பாதிக்கப்படுவது பிள்ளைகள். நன்கொடை கொடுக்க ஆசையா? ஆணை வந்தபின், கொடுக்கலாமா என்று ஏஜென்சியைக் கேட்டுவிட்டு, ரசீதோடு கொடுங்கள். இப்போதைக்கு, ஏஜென்சியைக் கேட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் தின்னும்படி பழமோ பார்லே-ஜி பிஸ்கட்டோ உள்ளூரில் வாங்கிக் கொடுங்கள். அதுவும் நிர்வாகி கையில், நேரடியாகப் பிள்ளைகளிடம் வேண்டாம்.

மௌஷிகளுக்கும் அப்படித்தான். பணம் வேண்டாம். என் கடிதத்தோடு எங்கள் வீட்டுப் படம் ஒன்றைக் கொடுத்தேன், அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நமக்குத் துணி

முழு நேரமும் தரையில்தான் உட்காரப்போகிறோம். நான் சல்வாரும் தளர்ந்த குர்த்தாவும் எடுத்துப்போனேன், பாக்கெட் வைத்தது. பிள்ளைகள் பாக்கெட்டைத் தேடி வருவார்கள். தொங்கும் கம்மல், நீளச் சங்கிலி, கண்ணாடி வளையல் வேண்டாம். சென்ட் அடிக்காதீர்கள், தினமும் ஒரே சோப்பு, ஒரே எண்ணெய். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. முதல் இரண்டு நாள் ஒரே நிறத்தில் குர்த்தா போட்டேன். தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிந்து மகள் ஜன்னலில் நின்றாள். வேண்டுமென்றே செய்ததில்லை, ஆனால் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.

மும்பையில் இறங்கியதும் நேரே இல்லத்துக்கு ஓடாதீர்கள். மும்பையிலிருந்து புனேவுக்கே 150 கிலோமீட்டர், அதற்கு அப்பால் ஊர் என்றால் இன்னும் போக வேண்டும். ஒரு முழு நாள் தூங்கி எழுந்து போங்கள். சென்னையிலிருந்து அம்மா அப்பாவையும் வரச் சொல்லலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். எங்கள் மாமியார் டிக்கெட்டே பார்த்துவிட்டார். முதல் சந்திப்பில் இரண்டு புது முகமே பிள்ளைகளுக்கு அதிகம் என்று சொல்லித் தடுத்தோம். அவருக்கு வருத்தம்தான். ஆல்பத்தில் பாட்டி படத்தைப் பெரிதாகப் போட்டுச் சமாதானம் செய்தோம்.

போன், சார்ஜர், பிளக் அடாப்டர் எல்லாம் உங்களுக்கே தெரியும். இந்தியாவில் 230 வோல்ட், அமெரிக்க ஹேர் டிரையரை வீட்டிலேயே விடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்.

படம் எடுப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அனுமதி கிடைத்தால் எடுங்கள், ஆனால் ஃபேஸ்புக்கிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். தத்துக்கு வரும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தக்காரர்கள் ஆசையாகக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் போனை நீட்டிக் காட்டுங்கள், அனுப்ப வேண்டாம்.

ஒரு பெட்டி காலியாகப் போகட்டும்

நோட்டுப்புத்தகம் எதற்கு என்றேனே, இதற்குத்தான். இந்தப் பயணத்தில் நாம் கொடுத்துவிட்டு வருவதை விட எடுத்துக்கொண்டு வருவதுதான் பெரிது. பிள்ளைகளின் இதுவரைக்குமான வாழ்க்கை அந்தக் கட்டிடத்தில் இருக்கிறது. பத்து வயதில் அவர்கள் கேட்கும்போது நம்மிடம் பதில் வேண்டும். தூங்கும் கட்டில், சாப்பிடும் தட்டு, வாசல் மரம், மௌஷியின் கை என்று அனுமதியோடு படம் எடுங்கள். எந்தப் பாட்டுக்குத் தூங்குவான், எதற்குப் பயப்படுவாள், முதல் பல் எப்போது வந்தது, யாரோடு சண்டை, யாரோடு சிநேகம் என்று மௌஷியிடம் கேட்டு எழுதுங்கள். மொழிபெயர்க்க சோஷியல் வொர்க்கர் உதவுவார். தடுப்பூசி அட்டையின் நகலும் கேளுங்கள்.

பெற்றோர் யார் என்று தெரியாமல் வந்த பிள்ளை என்றால், உறவினரைத் தேடி நாளிதழில் படத்தோடு அறிவிப்புப் போட்டிருப்பார்கள். பிள்ளை கிடைத்த சில நாளில் எடுத்த படம் அது. அந்தக் கத்தரிப்பின் நகலைத் தர முடியுமா என்று நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு உலகத்தில் இருக்கும் முதல் படம் அதுதான். இல்லத்துக்கு வந்த அன்று போட்டிருந்த துணி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, கேட்காமல் விட்டால் பின்னால் மனது அடித்துக்கொள்ளும்.

கடைசி நாள் போர்வையை மாற்றிக்கொண்டோம். மகன் புதியதை முகர்ந்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டான். மகளுக்கு ஏதோ புரிந்துவிட்டது, ஆல்பத்தை மூடிப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். உத்யா யேதே என்று சொல்ல முடியாத நாள். சோஷியல் வொர்க்கரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “ஆம்ஹீ பரத் யேணார்.” நாங்கள் திரும்பி வருவோம். நம்மூரில் போலவே மராட்டியிலும் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். இந்த வாக்கியத்தை வீட்டிலேயே பல முறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் குரல் வராது. அழுகை வந்தால் வாசலுக்கு வெளியே வந்தபின் அழுங்கள், கைக்குட்டை நிறைய வையுங்கள்.

திரும்பும் பெட்டியில் பழைய போர்வைகள் இரண்டும் இருந்தன, வாசனை போகாமல் இருக்கத் தனித்தனி ஜிப் பையில். நெய்ச் சாதம் சிந்திய என் குர்த்தாவையும் துவைக்காமல் இன்னொரு பையில் போட்டுக் கொண்டுவந்தேன். பெரிய அளவு ஜிப் பை நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தேடினால் சீக்கிரம் கிடைக்காது.